உருளைக்கிழங்கைக் கீழே வையுங்கள்

பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது என் வேலை. போன வாரம் இன்னொரு படம் வந்தது. பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பாணியில் யாரோ வரைந்த கிழவர் முகம், எண்ணெய் வண்ணம். நெற்றியும் மூக்கும் வெளிச்சத்தில் இருக்கின்றன. இருட்டில் இருந்திருக்க வேண்டிய வலது கன்னத்தைத்தான் காணோம். அந்த இடத்தில் கித்தானின் நூலோட்டம் தெரிகிறது.

"ஒரே அழுக்கு சார். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ச்சோம், அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட். பஞ்சுல பழுப்பா வந்துகிட்டே இருந்துச்சு."

அந்தப் பழுப்புதான் கன்னம். இந்த வருடம் இது நான்காவது கிழங்கு.

படத்தில் இருட்டு இருந்தால் அழுக்கு என்று யார் சொல்லிக்கொடுத்தது? பதினேழாம் நூற்றாண்டு ஓவியர்கள் இருட்டைக் காசு கொடுத்து வாங்கிய நிறத்தில் வரைந்தார்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ பல படங்களில் கித்தான் முழுக்க முதலில் அடர் பழுப்பு பூசிவிட்டு, சில இடங்களில் அதையே நிழலாக விட்டுவிட்டார். ரெம்பிராண்டும் வெளிச்சத்தைக் கெட்டியாக அப்புவார், நிழலை மெல்லியதாக ஓட்டுவார். அதனால் தேய்த்தால் முதலில் போவது நிழல்தான். மூக்கு நுனி அப்படியே இருக்கும், கன்னம் போய்விடும். என் மேஜைமேல் இருக்கிறது, வந்து பாருங்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' (இரவுக் காவல்) படத்தை எடுத்து வீசுவார். "அதைக் கழுவித்தானே சார் பகலாக்கினாங்க?" சரி, அதையும் பார்ப்போம். 1642இல் ஆம்ஸ்டர்டாம் காவல்படைக்காக ரெம்பிராண்ட் வரைந்தது, அவர் வரைந்தபோதே பகல்தான். கேப்டன் நீட்டிய கையின் நிழல், பக்கத்தில் நிற்கும் லெஃப்டினென்ட்டின் மஞ்சள் உடுப்பில் விழுகிறது பாருங்கள், அது வெயில். வண்ணத்தைக் காக்க மேலே பூசிய வார்னிஷ் என்ற பளபளப்புப் பூச்சு காலப்போக்கில் கறுத்ததால் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இரவு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 1946-47இல் அந்த வார்னிஷைத்தான் நீக்கினார்கள், நிழலை அல்ல. இன்றும் பின்னால் இருக்கும் வளைவு வாசல் இருட்டாகவே இருக்கிறது. அது ரெம்பிராண்ட் வைத்த இருட்டு.

வார்னிஷையும் வில்லனாக்க வேண்டாம். 1990இல் அதே படத்தின்மேல் ஒருவர் அமிலம் தெளித்தார். காவலர்கள் உடனே தண்ணீர் ஊற்றினார்கள். அமிலம் வார்னிஷோடு நின்றுவிட்டது. ("அவங்க மட்டும் தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்காதீர்கள். உங்கள் படத்தின்மேல் யாரும் அமிலம் ஊற்றவில்லை.)

எது வார்னிஷ், எது நிழல் என்று வெறும் கண்ணால் நானே அடித்துச் சொல்லமாட்டேன். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால், பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக மினுங்கும். அதன்பிறகும் ஓரத்தில், குண்டூசித் தலை அளவு இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சைத் தொடுவேன்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வண்ணம் உரியாமல் இருந்தால், உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம். உரிந்திருந்தால் அதுவும் கூடாது. முகம் மேலே பார்க்கப் படுக்கப்போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். விழுந்த துணுக்குகளைக் கூட்டிப் பெருக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், தயவுசெய்து. தண்ணீர், எலுமிச்சை, தேங்காயெண்ணெய், ரொட்டி, வெங்காயம் எதுவும் வேண்டாம். ஈரம் வெடிப்பு வழியே இறங்கினால் அடியில் இருக்கும் பசை ஊறி வண்ணத்தைத் தூக்கிவிடும். வெயில் படும் சுவரும் அடுப்பங்கரைச் சுவரும் வேண்டாம். படத்துக்கு மேலே சூடேறும் பல்பு மாட்டி 'எஃபெக்ட்' கொடுக்கவே வேண்டாம், வெளிச்சத்தை ஓவியர் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறார்.

அந்தக் கன்னத்தை நிரப்பி, சுற்றியுள்ள நிறத்தோடு ஒத்துப்போகும்படி செய்துதர முடியும். பழைய கன்னம் வராது என்பதைச் சொல்லித்தான் ரசீது எழுதினேன். வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் பாதியில் திரும்பினார்.

"வீட்டுல இன்னொண்ணு இருக்கு சார். இதைவிட இருட்டு."

தொடாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.