மூன்று டிக்குக்குப் பயந்து படத்தை அழிக்காதீர்கள்

போன வாரம் இரவு பத்தரை மணி, செய்தித்தாளில் பக்கம் முடிக்கிற நேரம். டெஸ்க் போன் அடித்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "தம்பி, நாளையிலிருந்து வாட்ஸப்பை அரசாங்கம் படிக்குமாமே, பேப்பர்ல ஏன் போடல? பயமா?" என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். தெருவில் சாக்கடை வழிவதைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்ப வைத்திருந்தாராம். அரசாங்கம் படிக்குமென்று வந்த பார்வர்டைப் பார்த்ததும் படத்தை அழித்துவிட்டாராம்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது, அவர்மேல் அல்ல.

அந்தப் பார்வர்டு எனக்கு மனப்பாடம். மூன்று நீல டிக் என்றால் அரசு பார்த்துவிட்டது, இரண்டு நீலம் ஒரு சிவப்பு என்றால் நடவடிக்கை வரும், மூன்றும் சிவப்பென்றால் கோர்ட் சம்மன். ஐயா, வாட்ஸப்பில் மூன்றாவது டிக்கே கிடையாது. சிவப்பு டிக்கும் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒன்று விழுந்தால் அனுப்பியாகிவிட்டது, இரண்டு விழுந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டும் நீலமானால் படித்துவிட்டார். அவ்வளவுதான். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியே இது பொய்யென்று மறுத்தாயிற்று. பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் போடாததற்குக் காரணம் பயமில்லை. அப்படி ஒரு உத்தரவே இல்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி அரசு இணையப் பக்கங்களை முடக்கலாம். அதற்கான 2009 விதிகள் அந்த நடவடிக்கையை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. ஒரு தகவலை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் 2021 விதியை எதிர்த்து வாட்ஸப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்பினால் தண்டிக்கச் சொன்ன, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்தது. ஆனாலும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாவதைக் கண்டு 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. இதையெல்லாம் எங்களிடம் கேளுங்கள், துருவிக் கேளுங்கள்.

"புதுச் சட்டம்" என்று ஏதாவது வந்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன தேதி என்று பாருங்கள். அரசிதழில் வந்ததா, கருத்துக் கேட்க வெளியிட்ட வரைவா? வரைவைச் சட்டமென்று பரப்பாதீர்கள். "நாளை முதல்" என்று மட்டும் போட்டுத் தேதியே இல்லாமல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குடும்பக் குழுவில் போட்டுவிட்டு எங்களைக் கேட்காதீர்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படத்தை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். எடுத்த இடம், நாள் குறித்து அனுப்புங்கள். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம்.

மறுநாள் காலை ஆசிரியர் மறுபடி போய்ப் படமெடுத்து அனுப்பினார். சாக்கடை அப்போதும் வழிந்துகொண்டுதான் இருந்தது.