கைவேலை அன்பளிப்பும் கைக்குழந்தையின் வாயும்

வளைகாப்பு, பேர் வைக்கும் விழா, முடியிறக்கம், முதல் பிறந்தநாள் என்று ஒரு குழந்தையைச் சுற்றி வரும் கொண்டாட்டங்களில் கையால் செய்த பொருள்கள் சில ஆண்டுகளாக மீண்டும் இடம்பிடித்து வருகின்றன. அத்தை பின்னிய குரோஷா காலணி, சித்தி தைத்த துணிப்பொம்மை, பூ ஒட்டிய ஹேர்பேண்ட், பெயர் எழுதிய பலகை, முத்தும் ஜிகினாவும் பதித்த ஆரத்தித் தட்டு, மணி கோத்த கைக்கயிறு என எல்லாமே குழந்தைக்காக ஒருவர் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து செய்தவை. குழந்தைகள் நல மருத்துவராக இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இவற்றில் சில, விழா முடிந்து சில நாள்களிலோ சில மாதங்களிலோ, என் அறைக்கு ஒரு நோயின் காரணமாக வந்து சேர்கின்றன. செய்தவருக்கும் வாங்கியவருக்கும் முன்பே தெரிந்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்க முடியும்.

செய்பவர் ஒரு பொருளைக் கண்ணால் மதிப்பிடுகிறார். அழகு, நிறப்பொருத்தம், புகைப்படத்தில் எப்படித் தெரியும் என்பவையே அவர் கவனத்தில் நிற்கின்றன. கைக்குழந்தையோ அதே பொருளை வாயால் ஆராய்கிறது. நான்கைந்து மாதம் ஆனதும் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். அது குறும்பு அன்று, வளர்ச்சியின் ஒழுங்கான ஒரு படி. ஆகவே குழந்தைக்கென்று செய்யும் எந்தப் பொருளும் எச்சிலில் ஊறும், ஈறால் மெல்லப்படும், இழுக்கப்படும், தூக்கி எறியப்படும் என்ற கணக்கில்தான் செய்யப்பட வேண்டும்.

கடையில் விற்கும் பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சிறு கைவினைஞரின் பிழைப்பைக் காக்கும் அந்த விலக்கு தேவையானதே. வீட்டில் செய்து உறவினருக்குக் கொடுக்கும் பொம்மையைச் சோதிக்கவோ எந்த ஏற்பாடும் இல்லை. அதாவது, கையால் செய்த பொருளுக்குச் சோதனைக்கூடம் என்று ஒன்று இருந்தால், அது செய்தவரின் கைகள் மட்டுமே.

அந்தச் சோதனையை வீட்டிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க, ஏறத்தாழ 32 மி.மீ. உள்விட்டம் கொண்ட, அடிப்பகுதி சரிவாக அமைந்த ஒரு சிறு உருளையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரு பொருளோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ, எந்தப் பக்கமாக வைத்தாலும் அந்த உருளைக்குள் முழுமையாக அடங்கினால் அது குழந்தையின் தொண்டைக்கும் மூச்சுக்குழலுக்கும் ஆபத்து என்று பொருள். தடித்த அட்டையைச் சுருட்டி, உள்சுற்றளவு 10 செ.மீ. வருமாறு ஒட்டினால் அந்த அகலம் கிடைத்துவிடும். நான் பெற்றோரிடம் இன்னும் சற்றுப் பெரிதாக, 12 செ.மீ. சுற்றளவில் செய்துகொள்ளச் சொல்கிறேன், ஏனெனில் எச்சிலில் வழுக்கும் பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை நல்லது. பொத்தான், முத்து, சலங்கை மணி, செயற்கைக் கற்கள், துணிப்பூவின் நடுவில் ஒட்டும் மகரந்த மணி என நம் கைவேலைப் பெட்டியில் இருக்கும் அநேகமும் அந்தக் குழாய்க்குள் எளிதாக விழுந்துவிடும்.

பொருள் சிறியதாக இருப்பதைவிட, பெரிய பொருளிலிருந்து சிறிய உறுப்பு கழல்வதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். குரோஷா பொம்மைகளுக்குப் பின்பக்கம் வில்லை வைத்து அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் கண்கள் கிடைக்கின்றன. பாதுகாப்பானவை என்றே அவை விற்கப்படுகின்றன. வில்லை உண்மையிலேயே கழலாது. ஆனால் குழந்தை மென்று இழுக்க இழுக்கப் பின்னலின் கண்ணி விரிந்து, வில்லையோடு கண்ணும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். ஐரோப்பிய விதிகளில், இப்படிப்பட்ட உறுப்பு 90 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்றிருக்கிறது. ஏறத்தாழ 9 கிலோ எடையை அந்தக் கண்ணில் கட்டித் தொங்கவிடுவதற்கு அது சமம். வீட்டில் பின்னிய பொம்மை அதைத் தாங்குமா என்று செய்தவரே எண்ணிப் பார்க்கட்டும். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் நூலால் எம்பிராய்டரி செய்துவிட்டால் இந்தக் கவலையே எழாது; பொம்மையின் முகமும் அதனால் குறைந்துபோவதில்லை. பசையை உருக்கி ஒட்டும் குளூ கன் கொண்டு ஒட்டியவற்றை நம்பவே வேண்டாம். வெயிலில் நின்ற காரின் சூடும், தொடர்ந்து படும் எச்சிலும் போதும், பூவோ மணியோ தனியே வந்துவிடும்.

இப்படிக் கழன்ற துண்டு மூச்சுக்குழலுக்குள் போனால் குழந்தை எப்போதும் உடனே நீலம் பாய்ந்து மயங்கும் என்றில்லை. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று கடுமையாக இருமும், சில நிமிடங்களில் அமைதியாகிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவார்கள். பிறகு வாரக்கணக்கில் விடாத இருமலும் இளைப்பும் தொடரும். வீசிங் என்று மருந்து கொடுத்தும் கேட்காமல் வரும் குழந்தைகளிடம், “இருமல் தொடங்கிய அன்று என்ன செய்துகொண்டிருந்தது?” என்ற கேள்வியை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். பிளாஸ்டிக் மணியும் தெர்மாகோல் உருண்டையும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதேபோல், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி பல நாள் வடிந்தால், மூக்கினுள் மணியோ பஞ்சோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மணிகளில் குன்றிமணியைத் தனியே சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம். மாலையாகவும் வளையலாகவும் கோக்கிறவர்களும் உண்டு. அதற்குள் இருக்கும் அப்ரின் என்னும் நஞ்சு மிகக் கொடியது. முழு விதையை விழுங்கினால் கடினமான மேல்தோல் ஓரளவு காக்கும். ஆனால் கோப்பதற்காகத் துளையிட்ட விதையில் அந்தக் காப்பு ஏற்கெனவே உடைந்திருக்கிறது. குழந்தையுள்ள வீட்டில் எந்த வடிவிலும் குன்றிமணி வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால், குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அடுத்தது கயிறும் நூலும். கழுத்தில் எதுவும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்: மணிமாலை, பல் முளைக்கும்போது கடிக்கவென்று விற்கும் மாலை, ரிப்பனில் கோத்த நிப்பிள், கருப்புக் கயிற்றில் கட்டிய தாயத்து எதுவாக இருந்தாலும் தூக்கத்தில் அது கழுத்தை நெரிக்கக்கூடும். தொட்டிலுக்கு மேலே தொங்கவிடும் கிளி, மீன், நட்சத்திரம் போன்றவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். குழந்தை கையூன்றி எழத் தொடங்கும் ஐந்தாம் மாத வாக்கில் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். வழக்கமாகக் கட்டும் அரைஞாணையும் கைக்கயிற்றையும் நான் மறுப்பதில்லை. ஆனால் நல்ல வளர்ச்சியுள்ள குழந்தையின் எடை ஐந்து மாதத்திற்குள் பிறந்தபோது இருந்ததைப்போல் இரு மடங்காகிவிடும் என்பதால், பேர் வைத்த நாளில் கட்டிய கயிறு சதைக்குள் பதிந்துவிடாமல் வாரந்தோறும் தளர்த்திப் பார்க்க வேண்டும். வசம்பு வளையலில் உள்ள துண்டுகள் கழன்றாலும், குழந்தை அதைச் சப்பிக்கொண்டே இருந்தாலும் தீங்குதான்.

கையுறை, காலுறைகளின் உட்புறத்தையும் பாருங்கள். அழகாகத் தைத்த உறையின் உள்ளே தொங்கும் ஒரு நூலிழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். தாயின் உதிர்ந்த தலைமுடியும் இதே வேலையைச் செய்யும். காரணம் தெரியாமல் நெடுநேரம் அழும் குழந்தையின் உறைகளைக் கழற்றி, ஒவ்வொரு விரலாகப் பார்ப்பது எங்கள் பரிசோதனையில் ஓர் அங்கம். வீங்கிச் சிவந்த கால்விரலின் அடியில் கண்ணுக்கே தெரியாத ஓர் இழை கிடைத்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். உறையைத் தைத்தவுடன் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, நூல் முனைகளை ஒட்ட வெட்டி, அதன் பிறகே பரிசாகக் கட்டுங்கள். பிறந்த குழந்தைக்குப் பகலில் வெறுங்கையே மேல். கை தன் முகத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் கற்கிறது.

கடுகு தலையணை இப்போது மிகவும் விரும்பிச் செய்யப்படும் பரிசாகிவிட்டது. தலை உருண்டையாக வரும் என்ற நம்பிக்கையில் பெயர் பொறித்து, பூப்போட்ட துணியில் தைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வயது முடியும் வரை தூங்கும் குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. தலையணை, தடித்த மெத்தை விரிப்பு, பஞ்சு பொம்மை இவை மூக்கையும் வாயையும் அடைத்து மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால், சமதளமான உறுதியான படுக்கையில் மல்லாக்காகப் படுக்க வைப்பதே உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் முறை. தலை ஒரு பக்கம் தட்டையாவது பற்றிக் கவலை இருந்தால், குழந்தை விழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னே குப்புறப் படுக்கவிட்டு விளையாட வையுங்கள். தலையின் திசையை மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள்.

விழா நாளில் அலங்கரித்த தொட்டிலில் படமெடுத்துக்கொள்வதில் தவறில்லை. படம் எடுத்து முடித்ததும் சரப்பூ, ரிப்பன், சீரியல் விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். அலங்காரத்தில் அரளிப்பூ வேண்டாம், அது செடி முழுவதும் நஞ்சு. கன்னத்தைக் கைகளில் தாங்கி அமர்ந்திருக்கும் பச்சிளங்குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் அதேபோல் செய்து பார்க்கிறார்கள். பெரியவர் தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு படங்களைக் கணினியில் இணைத்து அப்படி உருவாக்குகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தாடை மார்போடு ஒட்டும் எந்த நிலையிலும் பிறந்த குழந்தையின் மூச்சு தடைப்படும்.

பிறந்தநாள் அலங்காரத்தில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுங்கும் தலைக்கிரீடம், மேசையில் வைக்கும் போலி மெழுகுவத்தி ஆகியவற்றில் அது இருக்கிறது. உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திற்குள் கடுமையான புண்ணை உண்டாக்கத் தொடங்கிவிடும் என்பதால், தானாக வெளியேறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண ஜெல் உருண்டைகளைப் பூச்சாடியில் நிரப்புகிறார்கள். விழுங்கினால் குடலிலும் ஊறிப் பெருகி அடைத்துவிடும். வெடித்த பலூனின் ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம், ஆகவே துண்டுகளை அப்போதே பொறுக்கிவிடுங்கள். ஜிகினாத் தூள் கண்ணின் கருவிழியைக் கீறும். ஆரத்திக்குக் கரைக்கும் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவியபடியே கண் மருத்துவரிடம் விரையுங்கள்.

அப்படியென்றால் என்னதான் செய்து கொடுப்பது என்று கேட்கிறார்கள். செய்யத் தகுந்தவை நிறைய உண்டு. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவு வரைதான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. கறுப்பு வெள்ளையின் அழுத்தமான வேறுபாட்டை அதன் கண் விரும்பும். ஆகவே வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் புள்ளிக்கோலம் போட்ட ஒரு துணிப்புத்தகம் அருமையான பரிசு; நம் பாட்டிமார் வாசலில் போட்ட சிக்குக்கோலத்தைவிட நல்ல வடிவத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தித் தைத்த லங்கோடுகளையும் முன்புறம் நாடா கட்டும் சட்டையையும் தாய்மார் நன்றியோடு பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். ஆறு மாதத்திற்கு மேல் பனை ஓலைக் கிலுகிலுப்பை நன்று. உள்ளே இடும் கற்கள் வெளிவராதபடி முடைந்திருக்க வேண்டும், முனை குத்தக் கூடாது, ஓலை பிரியத் தொடங்கியதும் எறிந்துவிட வேண்டும். மரப்பொம்மை செய்தால், சுவர் பெயிண்டும் கதவு பெயிண்டும் பூசாதீர்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருந்தாலும், பரணில் கிடக்கும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளைப் போல் அரக்கும் தாவரச் சாயமும் பூசியது, அல்லது பூச்சே இல்லாமல் வழவழப்பாக இழைத்தது போதும்.

வீட்டிலிருந்தபடி இவற்றைச் செய்து விற்கும் பெண்கள் பலர் என்னிடம் குழந்தையோடு வருகிறார்கள். அவர்களிடம் நான் வேண்டுவது, பொருளோடு ஒரு சிறு அட்டையை இணைக்க வேண்டும் என்பது. என்ன துணி, என்ன நூல், உள்ளே என்ன நிரப்பியது, எப்படித் துவைப்பது, எந்த வயதுக்கு என்று அதில் எழுதுங்கள். படத்திற்கு மட்டும் உரிய ஹேர்பேண்ட் என்றால், “படமெடுத்ததும் கழற்றவும், அணிந்தபடி தூங்க வைக்க வேண்டாம்” என்று தெளிவாகவே அச்சிடுங்கள். வாங்குபவர் மணிக்கண் வைத்த பொம்மைதான் வேண்டும் என்று கேட்டால், குழந்தையின் வயதைக் கேளுங்கள். மூன்று நிறையவில்லை என்றால் நூல்கண் வைத்ததை எடுத்துக் காட்டுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், இன்று மாலை குழந்தையின் பொம்மைக்கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு கண்ணையும் பொத்தானையும் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள்.