கடலில் ஒரு வட்ட நாற்கரம்

மெரினாவுக்கு எதிரே கடலில் ஒரு கப்பல் நிற்கிறது. கரையில் மாலுமிக்குத் தெரிபவை மூன்று: தெற்கே சாந்தோம் தேவாலயக் கோபுரம் (ச), சற்றுத் தள்ளி 1977 முதல் இயங்கும் கலங்கரை விளக்கம் (வ), வடக்கே அதற்கு முன்பு அந்த வேலையைப் பார்த்துவந்த உயர் நீதிமன்றக் கோபுரம் (ந). அடுத்தடுத்த கோபுரங்களுக்கு இடையே உள்ள இரண்டு கோணங்களைச் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தால் போதும். கப்பல் (க) நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம். தூரம் எதையும் அளக்க வேண்டியதில்லை.

காரணம் ஒன்பதாம் வகுப்பு வடிவியல்தான். ச, வ, க வழியாகச் செல்லும் வட்டத்தின் மையம் ம என்போம். மச, மவ, மக மூன்றும் ஆரங்கள். ஆகவே கமச, கமவ இரண்டும் இருசமபக்க முக்கோணங்கள். கம கோட்டை மறுபுறம் நீட்டினால், ஒவ்வொரு முக்கோணத்தின் வெளிக்கோணமும் க-வில் உள்ள அடிக்கோணத்தின் இரு மடங்கு. இரண்டையும் கூட்டினால் (மையம் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் கழித்தால்), மையக்கோணம் (சமவ) பரிதிக்கோணத்தின் (சகவ) இரு மடங்கு என்று வந்துவிடும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கப்படும் தேற்றம் இது. உள்ளே இருப்பது ஆரங்கள் சமம் என்ற ஒரே செய்தி.

கப்பல் அந்த வில்லில் எங்கே நகர்ந்தாலும் மையக்கோணம் மாறாது. அளந்த கோணமும் மாறாது. வட்டத்துக்குள் புகுந்தால் கோணம் பெருக்கும், வெளியேறினால் சிறுக்கும். ஆக, ஒரு கோணம் ஒரு வட்டத்தைத் தருகிறது. வ, ந இடையிலான கோணம் இன்னொரு வட்டத்தைத் தரும். இரண்டும் கலங்கரை விளக்கத்தில் ஒருமுறை வெட்டும்; மற்றொரு வெட்டுப்புள்ளியில் கப்பல்.

ஒரே ஓர் ஆபத்து: ச, வ, ந, க நான்கும் ஒரே வட்டத்தில் அமைந்துவிட்டால் இரு வட்டங்களும் ஒன்றாகிவிடும், வெட்டுப்புள்ளி கிடைக்காது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் உதவுகின்றன. க-வின் கோணம் ஒரு வில்லுக்கு உரியது, வ-வின் கோணம் மீதி வில்லுக்கு. அவற்றின் மையக்கோணங்கள் சேர்ந்து 360 பாகை. பரிதிக்கோணங்கள் அதில் பாதி, 180. எனவே மாலுமி தாம் அளந்த இரு கோணங்களோடு வரைபடத்தில் உள்ள சவந கோணத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். விடை 180-ஐ நெருங்கினால் வேறு கோபுரத்தைத் தேட வேண்டியதுதான்.

சென்னை மாலுமிக்குக் கரைக்கு அருகே அந்தத் தொல்லை இல்லை. நம் மூன்று கோபுரங்களும் கரையோரம் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் சவந கோணமே 180-ஐ ஒட்டி இருக்கிறது. கரைக்கு அருகே அளந்த கோணங்களையும் சேர்த்தால் கூடுதல் அதைத் தாண்டிப் போய்விடும்.