காற்றைக் குறைத்தால் வேகம் கூடும்

பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் மலைச் சைக்கிள் பந்தயம் 2024 ஜூலை 29 அன்று நடந்தது. நம் ஊர் நேரப்படி சாயங்காலம். முன்வரிசையில் போய்க்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்கு நடுப்பந்தயத்தில் முன் டயரில் காற்று இறங்கிவிட்டது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது முதல் ஆளுக்கும் அவருக்கும் ஏறக்குறைய 40 விநாடி இடைவெளி. ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். கடைசிச் சுற்றில், ஒரு மரத்தை ஒட்டிப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியை உரசிக்கொண்டே முந்தினார். 9 விநாடி வித்தியாசத்தில் தங்கம். முந்தின நாள் பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்தின் பக் பீட்டர்சாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தவர், பஞ்சரால் நான்காவதாக முடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன் கடைசி வரிசையில் நின்று கிளம்பி, முதல் சுற்றிலேயே முன்னணிக்கு வந்து, பிறகு பஞ்சராகி 35ஆம் இடத்துக்குப் போனார்.

இந்த விளையாட்டை விடாமல் பார்க்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. உலகத்திலேயே விலை கூடிய டயர்கள், கூடவே கைதேர்ந்த மெக்கானிக்குகள். அப்படியும் ஏன் இத்தனை பஞ்சர்? இன்னும் கொஞ்சம் காற்று அடித்துக்கொண்டு வந்தால் என்ன?

காரைக்குடிப் பக்கத்துப் பஞ்சர் கடையிலும் இதே ஞானம்தான். “நல்லா கட்டியா அடிச்சாத்தான் தம்பி வண்டி ஓடும்” என்பார் கடைக்கார அண்ணன். அவர் சொல்வது தார் ரோட்டுக்கு முழு உண்மை. தேவகோட்டை ரோட்டில் அரிசி மூட்டையோடு போகிறவர் அவர் பேச்சைக் கேட்பதுதான் நல்லது. ஆனால் அதே சைக்கிளைக் கண்மாய்க் கரையில் ஏற்றிப் பாருங்கள். செட்டிநாட்டு மண் பெரும்பாலும் செம்புறாங்கல் மண். கெட்டியான அடித்தளம், அதன் மேல் உருண்டை உருண்டையாகச் சரளை. அங்கே கட்டியாகக் காற்றடித்த டயர் பல் அதிர ஓடும், ஏற்றத்தில் சறுக்கும், நாம் மிதிக்கிற மிதியில் பாதி எங்கேயோ போய்விடும்.

எங்கே போகிறது என்பதுதான் இந்த விளையாட்டின் மையமான அறிவியல்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டயர் தரையைத் தொடுகிற பரப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை, உள்ளே இருக்கும் காற்றழுத்தம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 72 கிலோ என்று வைப்போம். பின் சக்கரத்தின் பங்கு சுமார் 43 கிலோ. சாதாரண சைக்கிள் போல 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அடித்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.2 கிலோ. 43ஐ 3.2ஆல் வகுத்தால் 13 சதுர செ.மீ. சொச்சம்; அவ்வளவுதான் தரையில் ஒட்டியிருக்கும். மலைப் பந்தய வீரர்கள் வைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 20 பிஎஸ்ஐ, அதாவது 1.4 கிலோ. இப்போது பரப்பு 30 சதுர செ.மீ.க்கு மேல். இரண்டு மடங்குக்கும் அதிகம். சரளை மேல் அந்தக் கூடுதல் பரப்புதான் பிடிமானம். ஒரு கல் உருண்டு நழுவினாலும் பக்கத்தில் இருக்கிற பத்துக் கல் டயரின் பூக்களில் மாட்டிக்கொள்ளும்.

பிடிமானம் சரி, வேகம்? காற்று குறைந்த டயர் இழுக்கும் என்பது எல்லோருக்கும் அனுபவம். அதற்குக் காரணம் ரப்பரின் குணம். பரோட்டா மாவை விரலால் அமுக்கிவிட்டு எடுத்தால் மேலே எழும்பும், ஆனால் அமுக்கிய அளவுக்கு எழும்பாது. ரப்பரும் கொடுத்த ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராது. மிச்சம் சூடாகப் போய்விடும். சக்கரம் உருளும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. காற்று குறைய, நசுங்கல் கூடும், இழப்பும் கூடும். வழவழப்பான ரோட்டில் கதை இதோடு முடிந்துவிடும்.

கரடுமுரடான தரையில் இன்னொரு இழப்பு சேர்கிறது, அது இதைவிடப் பெரியது. கட்டியான டயர் ஒரு கல்லைத் தொட்டால் தான் நசுங்காது. அதனால் சைக்கிளும் ஆளும் சேர்ந்து அந்தக் கல்லின் உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டும். முன்னே போக வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு மேலே போகச் செலவாகிறது. அப்புறம் பொத்தென்று இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்பி வராது. நம் தொடை, இடுப்பு, கை, வயிறு எல்லாம் அந்த அதிர்வை வாங்கித் தின்றுவிடும். இது ஒரு கல்லுக்கு. கண்மாய்க் கரையில் ஒரு மீட்டரில் எத்தனை கல் என்று பாருங்கள். காற்று குறைவான டயரோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு மேலே உருண்டு போய்விடும். ஆள் அதே மட்டத்தில் முன்னே போகிறார். ரப்பரில் இழப்பது கொஞ்சம் கூடினாலும், உடம்பில் இழப்பது நிறையக் குறைகிறது. ஆக, ஒவ்வொரு தரைக்கும் மொத்த இழப்பு மிகக் குறைவாக இருக்கிற ஓர் அழுத்தம் உண்டு. தரை மோசமாக மோசமாக அது கீழே இறங்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகு பந்தயம் பார்ப்பதே வேறு அனுபவமாகிவிடுகிறது. இறக்கத்தில் கேமரா சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும்போது டயர் நசுங்கி விரிவதைக் கவனியுங்கள். எனக்கு அந்தக் காட்சி முந்துவதைவிடப் பிடிக்கும்.

அப்படியானால் 10 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடலாமே? முடியாது. கல் டயரை முழுக்க நசுக்கி ரிம்மில் போய் இடிக்கும். பழைய முறையில் உள்ளே டியூப் இருந்தால், கல்லுக்கும் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் நடுவே மாட்டி, டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கும்போது இரண்டு இடத்தில் ஜோடியாகக் குமிழி வந்தால், குத்தியது முள் இல்லை, கல்தான். டியூப் இல்லாத டயர்கள் வந்த பிறகு அந்த ஜோடி ஓட்டை ஒழிந்தது. அதனால்தான் அழுத்தத்தை இவ்வளவு கீழே இறக்க முடிந்தது. ஆனால் ரிம்மில் இடிக்கும் அபாயம் போகவில்லை. டயரே கிழியலாம், ரிம் நசுங்கிக் காற்று வெளியேறலாம். வீரர்கள் நிற்பது இந்த எல்லையில்தான். ஒரு பிஎஸ்ஐ கூடினால் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் நேரம் போகும். ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் ஒரே கல்லில் பந்தயம் போகும். பிட்காக் போன்றவர்களுக்குப் பஞ்சர் ஆவதை நான் கவனக்குறைவு என்று நினைக்கவே மாட்டேன். வேகத்துக்காக வேண்டுமென்றே எடுத்த துணிச்சலின் மறுபக்கம் அது.

நமக்குக் கல்லைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேலம். சிவகங்கைச் சீமையில் கண்மாய் உள்வாயில் சைக்கிள் ஓட்டிய யாருக்கும் கருவ முள்ளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். டியூப் இல்லாத டயர் இங்கே வரமாக இருப்பதற்குக் காரணம், உள்ளே ஊற்றப்படும் வெள்ளைத் திரவம். பெரும்பாலானவற்றில் அது ரப்பர் பால்தான், கூடவே பொடிப்பொடியான துகள்கள். சக்கரம் சுற்றும்போது திரவம் உட்புறம் முழுக்கப் பரவியிருக்கும். முள் குத்தியதும் காற்று ஓட்டையை நோக்கிப் பாயும், திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். துகள்கள் ஓட்டையில் நெருக்கியடித்து நிற்க, ரப்பர் பால் அவற்றைச் சுற்றி உறைந்து அடைத்துவிடும். ஓட்டுகிறவருக்குப் பல நேரம் முள் குத்தியதே தெரியாது. முள் ஓட்டைக்கு இது போதும். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் திரவத்தால் ஒன்றும் செய்ய முடியாது. பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அப்படி ஆனால் விதி கடுமையானது. பாதையில் இதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் வீரர் தன் மெக்கானிக்கிடம் உதவி பெறலாம். பஞ்சரான இடத்திலிருந்து அதுவரை வெறும் ரிம்மில் தட்டுத்தடுமாறி வர வேண்டும். ஒரு சுற்று நாலைந்து கிலோமீட்டர். எந்த இடத்தில் காற்று போனது என்பதே பதக்கத்தைத் தீர்மானித்துவிடும்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் அந்தப் பந்தயங்கள் நடந்த எலான்கூர் குன்றின் உயரம் 231 மீட்டர்தான். பாரிஸ் வட்டாரத்தில் அதுவே மிக உயரமான இடம். ஒலிம்பிக் நடத்த அது போதுமானதாக இருந்தது. மலைச் சைக்கிளுக்கு மலை வேண்டும், செட்டிநாட்டில் ஏது மலை என்று கேட்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குன்றக்குடிப் பக்கத்துச் சரளை மேடும் கண்மாய்க் கரை இறக்கமும் பாடம் கற்கப் போதும். பிரான்மலை அடிவாரம் வரை போகிறவர்களுக்கு இன்னும் நல்லது.

நம் ஊரில் ஓட்டுபவர்களுக்கு வெயில் தனிக் கணக்கு. காலையில் 25 டிகிரியில் 20 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, வண்டியைக் கானாடுகாத்தான் தெருவில் வெயிலில் நிறுத்திச் சாப்பிடப் போகிறீர்கள். டயர் 50 டிகிரிக்குச் சூடாகிறது. அளவுமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம் மட்டும். வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்தால் உள்ளே இருப்பது 34.7. சூட்டுக்கு ஏற்ற விகிதத்தில் இந்த அழுத்தம் கூடும்; கெல்வின் கணக்கில் (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வருவது) 298 டிகிரி 323 ஆகும்போது அது 37.6 ஆகிறது, 14.7 போக மானியில் ஏறக்குறைய 23 காட்டும். ஒரு பிஎஸ்ஐக்காக வீரர்கள் யோசிக்கிற விளையாட்டில், நிறுத்தி வைத்த வண்டியில் சும்மாவே மூன்று கூடிவிட்டது. அந்த வெயில் டயருக்குள் இருக்கும் ரப்பர் பாலையும் சீக்கிரம் காய வைக்கும். அதனால் இங்கே அதை அடிக்கடி திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். காற்றையும், வண்டி நிழலில் கொஞ்ச நேரம் நின்று டயர் தொட்டால் சுடாத பிறகு அளந்து வையுங்கள்.