வெள்ளிக்கிழமை விருந்து வியாழன் இரவே தொடங்குகிறது

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சமையலுக்குக் கிடைக்கிற நேரம் ரொம்பக் குறைவு. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஆறு மணி சிலுவைப்பாதைக்குக் கோவிலுக்குப் போய்த் திரும்பினால் ஏழேகால் ஆகிவிடும். போன வருடம் அப்படி ஒரு வெள்ளியன்று நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். சுத்தபோசன நாள், கறி கிடையாது. கொண்டைக்கடலைக் குழம்பு வைக்கலாம் என்று காலையிலேயே கடலை, தக்காளி, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு ஆறு விசில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

இரவு பரிமாறும்போது பார்த்தால் கடலை பல்லுக்கு நறுக்கென்று இருந்தது. மறுபடி ஐந்து விசில் விட்டும் பெரிதாக மாற்றமில்லை. "கடலை பழசா இருக்கும், அண்ணி" என்று அவள் சமாதானம் சொன்னாள். ஆனால் அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த கடலை, அடுத்த வாரம் புளியும் தக்காளியும் சேர்க்காமல் வேகவைத்தபோது நாலே விசிலில் பூவாக மலர்ந்தது. தவறு புளிப்பைச் சேர்த்த நேரத்தில்தான்.

கடலை வேகும்போது உள்ளே என்ன நடக்கிறது? ஒரு கடலைக்குள் மாவுச்சத்தும் புரதமும் அடைத்த கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. அறைக்கும் அறைக்கும் நடுவே செங்கல்லுக்கு இடையில் சிமெண்ட் மாதிரி ஒரு பசை. அதன் முக்கியமான பொருள் பெக்டின். ஜாம் கெட்டியாவதும் இதனால்தான். சூட்டில் பெக்டின் கரைந்தால் அறைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. அந்த நிலையைத்தான் விரலால் நசுக்கிப் பார்த்து 'வெந்துவிட்டது' என்கிறோம். புளிப்பான தண்ணீரில் பெக்டின் எளிதில் உடைவதில்லை. அதனால் புளியோடு வேகும் கடலை மணிக்கணக்கில் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும்.

இன்னொரு தடை நம் ஊர்த் தண்ணீர். போர்த்தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர், அதாவது கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடினநீர். இந்த இரண்டும் பெக்டின் இழைகளுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாத்தனார் சொன்ன 'பழைய கடலை'க்கும் இதுதான் காரணம். வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்புக்குள் பைட்டேட் என்ற பொருள் சிதைந்து, அது பிடித்து வைத்திருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விட்டுவிடுகிறது. அவை போய்ப் பெக்டினை இறுக்குகின்றன. அப்படிப்பட்ட பருப்பை எவ்வளவு ஊறவைத்தாலும் முழுசாகப் பலன் கிடைக்காது. விருந்துக்குப் புதுக் கடலை வாங்குவது வீண்செலவில்லை.

சரி, வியாழன் இரவு செய்ய வேண்டியது என்ன? கடலையை நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு சேருங்கள். உப்புப் போட்டால் வேகாது என்று எங்கள் அம்மா சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்பினேன். நடப்பது நேர்மாறு. உப்பிலிருக்கும் சோடியம் தோலின் பெக்டினுக்குள் புகுந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சோடியத்தால் பாலம் போட முடியாது. அதனால் தோல் இளகுகிறது, சீராக வேகிறது, வெடித்துச் சிதறுவதும் குறைகிறது.

ஊறும் கடலையை அரைமணிக்கு ஒருதரம் எட்டிப் பாருங்கள், அழகாக இருக்கும். மூக்குப் பக்கத்தில் உள்ள சிறு துளை வழியாகத்தான் தண்ணீர் முதலில் எளிதாக நுழைகிறது. முதலில் தோல் மட்டும் விரிந்து சுருக்கம் விழும், பாட்டியின் விரல்நுனி மாதிரி. அப்புறம் உள்பருப்பு மெல்ல உப்பி அந்தச் சுருக்கத்தை நிரப்பும். எட்டுப் பத்து மணி நேரத்தில் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கடலையிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் குடலில் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவாக்குகின்றன. ஊறிய தண்ணீரோடு அதில் ஒரு பகுதி போய்விடும். விருந்தாளிக்குச் செய்கிற பெரிய உதவி இது.

மறந்துபோய் ஊறவைக்காமல் விட்டால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா கைகொடுக்கும். சோடாவின் காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு நேர்மாறான குணம், பெக்டினை வேகமாக உடைக்கும். ஆனால் அது பி1 வைட்டமினை அழிக்கும். கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வந்துவிடும். எனக்கு அது கடைசி வழிதான்.

காலை அவசரத்தில் மிச்ச வேலையை முடித்துத்தருவது குக்கர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரிக்கு மேல் போகாது. நீராவியை அடைத்து அழுத்தம் கூட்டினால் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும். பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்ற பொதுக்கணக்குப்படி பார்த்தால் சுமார் நாலு மடங்கு வேகம். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1682இல் லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தாருக்கு அதில் சமைத்தே விருந்து வைத்தார்கள்; மாட்டெலும்புகூடப் பாலாடைக்கட்டி போல மெத்தென்று ஆகியிருந்ததாம்.

கடலையை வெறும் தண்ணீரில் உப்பு மட்டும் போட்டு வேகவையுங்கள். புளியும் தக்காளியும் மாலையில் சேரட்டும். வெந்த பிறகு புளிப்புச் சேர்ந்தால் நல்லதே; கடலை மேலும் குழையாமல் உருவம் நிற்கும்.

ஆனால் வெந்துவிட்டால் மட்டும் போதாது. கறியில்லாத சாப்பாட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் பழக்கம் மட்டுமில்லை. 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். இறைச்சியிலும் மீனிலும் இனோசினேட் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. இரண்டும் நாக்கில் சேரும்போது ருசி பல மடங்கு பெருகுகிறது. எலும்புக்குழம்பின் ஆழம் அப்படி வருவதுதான். காய்கறியில் இனோசினேட் மிகக் குறைவு. ஆனால் உலர்ந்த ஷிடாக்கே காளானில் குவானிலேட் என்ற பொருள் நிறைய உண்டு. அதுவும் குளுட்டமேட்டோடு சேர்ந்தால் இதே வேலையைச் செய்யும். ஜப்பானிய பௌத்த மடங்களின் சைவ ரசம் கடற்பாசியும் உலர்காளானும் சேர்ந்தது. காரணம் தெரியும் முன்பே நாக்கு கண்டுபிடித்துவிட்டது.

நம் அடுக்களையில் குளுட்டமேட் தருவது நன்றாகப் பழுத்த தக்காளி. அதிலும் விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் அதிகம், அதை வழித்து எறியாதீர்கள். வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கினால், சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து வறுத்த கறியின் வாசனைக்கு நெருக்கமான மணம் எழும். இந்த வெங்காய-தக்காளித் தொக்கை வியாழன் இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். பக்கத்தில் ஒரு காளான் வறுவல். காளானின் செல்சுவர் கைட்டின் என்ற உறுதியான பொருளால் ஆனது, சூட்டில் கரையாது. பத்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் கிடந்தாலும் மெல்லுகிற பதம் மாறாது. வந்தவர்களோடு பேசிக்கொண்டே சமைக்க இதைவிட ஏற்ற காய் எனக்குத் தெரியவில்லை.

சோற்றை மட்டும் முன்கூட்டியே வடிக்க வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. மார்ச் மாத வெக்கையில் சோறு பகல் முழுக்க வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. வெந்த கடலையும் அப்படியே குக்கருக்குள் கிடக்கக்கூடாது. அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

விருந்தாளியிடம் முதல்நாளே ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. கத்தோலிக்கத் திருச்சபை ஒழுங்குப்படி 14 வயது நிறைந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் விலக்கு. மீன், முட்டை, பாலுக்குத் தடையில்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள், அதாவது ஒருவேளை மட்டும் முழுச்சாப்பாடு என்பதால் அன்றைக்கு விருந்து வைக்க முடியாது. ஆனால் தவக்காலம் முழுக்க மீனையும் முட்டையையும்கூட ஒறுத்துவிடும் குடும்பங்கள் நிறைய. எங்கள் நாத்தனார் வீடும் அப்படித்தான்.

இந்த வருடம் அவர்கள் வந்தபோது ஏழேகாலுக்குத்தான் நானும் வீடு திரும்பினேன். ஊறிய அரிசி ஒரு அடுப்பில் ஏறியது. இன்னொன்றில் தொக்கும் புளிக்கரைசலும் கொதித்துப் பச்சை வாடை போனதும் கடலையைக் கொட்டினேன். நாத்தனார் சமையலறைக்கு வந்து, கரண்டியிலிருந்து ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினாள். மாவாக நசுங்கியது. "புதுக் கடலையா, அண்ணி?" என்றாள். நான் உப்பு ஜாடியைக் காட்டினேன்.