ஜாமீன் கிடைத்தும் வீடு வராத பிள்ளைகள்

மஞ்சள் பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், மூன்று வருட வீட்டு வரி ரசீது. நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா போன குறுவையில் அத்தனையையும் என் மேஜையில் எடுத்துவைத்தார். மகனுக்கு ஜாமீன் கொடுத்துப் பதினோரு நாள். ஆள் இன்னும் கிளைச் சிறையில். சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்பது உத்தரவு. "வீடு எங்களுதுதாங்கய்யா, மனை கோயிலுது. சொத்து இருக்குன்னு சான்று தர முடியாதுன்னுட்டாங்க."

கோயில் மனை, மடத்து மனை, வாய்க்கால் புறம்போக்கு என்று மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத தெருக்கள் டெல்டாவில் எவ்வளவோ. அந்தத் தெருவில் யார் யாருக்கு ஜாமீன் போட முடியும்? அரியலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சம்பந்தி பட்டாவோடு வந்திருக்கிறார். வெளி மாவட்டம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து வந்த மனுஷர், கடைசி பஸ்ஸில் திரும்பிப் போனாராம்.

இப்படி ஒரு வழக்குக் கட்டு வரும்போதெல்லாம் வி.ஆர். கிருஷ்ணய்யரைத்தான் நினைத்துக்கொள்வேன். 1987 ஜனாதிபதித் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்று, நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றவர். தேர்தலுக்கு வெகு முன்பே, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, தனிமனித சுதந்திரத்துக்காக அவர் எழுதியவைதான் இன்றும் என் கைக்கு உதவுகின்றன. ஜாமீனே விதி, சிறை விதிவிலக்கு என்றது 1977இல். கண்டவருக்கெல்லாம் கைவிலங்கு மாட்டக் கூடாது என்றது 1980இல்.

எனக்கு மிக நெருக்கமானது 1978இன் மோதிராம் வழக்கு. மோதிராம் ஒரு கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் போட வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். கிருஷ்ணய்யர் அந்தக் காரணத்தைக் கடுமையாகக் கண்டித்து, ஜாமீன்தாரர் இல்லாமல் 1,000 ரூபாய்க்குத் தானே சொந்தப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும், விட்டுவிடுங்கள் என்றார். அரியலூர்ச் சம்பந்தி கதையேதான்!

மனுவில் அதைத்தான் எழுதினேன். கூடவே, உள்ளூர் ஜாமீன்தாரரையே கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதால் விடுதலை தாமதமாகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31இல் சொன்னதையும். மூன்றாம் நாள் நிபந்தனை தளர்ந்தது. சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் பையன் வெளியே வந்தான். அதற்குள் அந்த அம்மாவுக்கு அந்தப் பட்டத்து நடவுக் கூலி முழுக்கப் போய்விட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் கைதானவரை வசதியற்றவராகவே கருதி, சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 478ஆம் பிரிவு அது. மற்ற வழக்குகளில் தொகை அதிகம் என்றால் குறைக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போகலாம், 484ஆம் பிரிவு. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, பெண்களுக்கும் அப்படியே. இலவச சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரே போங்கள். பட்டா இல்லை, வெளி மாவட்டம் என்று திருப்பி அனுப்பினால், பதினோரு நாள் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.