கொழுப்புத் துப்பு: சொல்லும் பொருளும்

கடலியல் கட்டுரைகளில் 'ஃபேட்டி ஆசிட் ட்ரோஃபிக் மார்க்கர்' என்று ஒரு தொடர் அடிக்கடி வரும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கொழுப்பு அமில உணவூட்டநிலைக் குறிப்பான்'. தப்பில்லைதான், ஆனால் இதை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மண்டபத்தில் ஏறிய பேருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டிவிடும். நான் 'கொழுப்புத் துப்பு' என்று எழுதுகிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பொருள். ஒரு சின்ன கடலுயிர் என்ன தின்றது என்று தெரிய அதன் குடலைக் கிழித்துப் பார்க்கலாம், ஆனால் அதில் கடைசியாக விழுங்கியதுதான் இருக்கும், மென்மையான இரையாக இருந்தால் அதுவும் கூழாகியிருக்கும். கொழுப்பு அப்படி உடனே கரைந்து போவதில்லை. இரையில் இருந்த கொழுப்பு அமிலங்களில் சில பெரிய மாற்றமில்லாமல் தின்றவன் உடம்பில் போய்ப் படிகின்றன, அதிலும் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத வகைகள் இரை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆக உடம்பில் சேர்ந்த நெய்யைப் பிரித்துப் பார்த்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அது எதை மேய்ந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இது எங்கள் கடற்கரைக்குப் புதுக் கருத்து இல்லை. தங்கச்சிமடமோ ஏர்வாடியோ, மீன் வாங்குகிறவர்கள் 'நெய் வச்சிருக்கா' என்று கேட்பார்கள். நல்ல பருவத்து மத்தியைச் சட்டியில் போட்டால் அதுவே எண்ணெய் விடும். அந்த எண்ணெயில் பெரும்பங்கு மத்தி தின்ற டயாட்டம் என்ற நுண்பாசியிலிருந்து தொடங்கியது. அதை அமிலம் அமிலமாகப் பெயர் சொல்லிப் பிரிப்பதுதான் ஆய்வகத்தின் வேலை.

அப்புறம் சொற்கள். 'லிப்பிட்' கிரேக்க 'லிபோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது, பொருள் கொழுப்பு. 1923-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கேப்ரியல் பெர்த்ராந்த் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் 'கொழுமியம்' என்று எழுதுகிறார்கள், அது இருக்கட்டும், ஏனென்றால் மெழுகும் லிப்பிட்தான், மெழுகைக் கொழுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'கொழு' என்ற வேர் பழையது, சங்கப் பாட்டில் 'கொழுமீன்' தாராளமாக நீந்துகிறது. நற்றிணை 45-ஆம் பாட்டில் பரதவர் மகள் காயப்போட்டுக் காவல் காப்பது 'நிணச்சுறா', அதாவது கொழுப்புள்ள சுறாவின் துண்டங்கள். அந்த நிணம் இன்று 'நிணநீர்' என்ற மருத்துவச் சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாவம்.

'ட்ரோஃபிக்' கிரேக்க 'ட்ரோஃபே'யிலிருந்து, உணவு என்று பொருள். 'மார்க்கர்' அடையாளம், தடயம். இங்கேதான் 'துப்பு' உள்ளே வருகிறது. துப்பறிதல், துப்புத் துலக்குதல் என்பதில் அது தடயம். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளில் அது உணவு. துப்பார் என்றால் உண்பவர். உணவு, தடயம் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது என்றால் 'உணவூட்டநிலைக் குறிப்பான்' எதற்கு? இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பது தனி வழக்கு, அதை இங்கே எடுக்கவில்லை. துப்புக்குப் பவளம் என்றும் பொருள் உண்டு, மன்னார் வளைகுடாக்காரனுக்கு அது கொசுறு. முகத்தில் துப்புவது நினைவுக்கு வருகிறதே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

துப்பு தேடப்படும் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கோப்பிபாட்' என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலியின் பெயரில் கிரேக்கத் துடுப்பும் காலும் இருக்கின்றன, ஆகவே துடுப்புக்காலி. இறால் மாதிரி இருக்கும் 'கிரில்' நார்வேச் சொல், மீன் குஞ்சு என்ற பொருளில் வந்தது. தமிழில் கூனி என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் நாம் காயவைத்துப் பொடிக்கும் கூனி இறால் வகையறா, கிரில் வேறு வரிசை. 'துருவக் கூனி' என்று அடைமொழி சேர்த்தால் எனக்குச் சம்மதம்.

துப்பு தேட ஏன் துருவம்? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் துடுப்புக்காலிகள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் வெப்பக்கடலின் மேல்பரப்பில் வாழ்பவை பொதுவாகக் கொழுப்பை அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. வருடம் முழுக்க ஏதாவது இரை கிடைக்கும்போது எதற்குச் சேர்க்க வேண்டும்? ஆர்க்டிக்கில் வெயில் வரும் கொஞ்ச மாதத்தில்தான் நுண்பாசி பூக்கும், அதற்குள் தின்றதை வைத்து மீதி வருடத்தை ஓட்ட வேண்டும். அரிசி மணி அளவே உள்ள கலானஸ் ஹைப்பர்போரியஸ் என்ற துடுப்புக்காலி, உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுமியமாகவே சேர்த்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, தின்னாமல் குளிர்காலத்தைக் கழிக்கும். அந்தச் சேமிப்பு பெரும்பாலும் மெழுகு எஸ்தர் என்ற மெழுகு வகைக் கொழுமியம், கண்ணாடி மாதிரியான உடம்புக்குள் ஒரு எண்ணெய்ப் பையாகவே தெரியும்.

அன்டார்க்டிக்கில் இரண்டு துடுப்புக்காலிகளை ஒப்பிட்டால் இன்னும் சுவாரசியம். கலனாய்டஸ் அக்யூட்டஸ் ஆழத்தில் போய் உறங்குகிற வகை, மெழுகு எஸ்தர் சேர்க்கிறது. கலானஸ் புரோப்பிங்குவஸ் குளிர்காலத்திலும் தின்றுகொண்டு திரிவது, அது ட்ரைகிளிசரைடு சேர்க்கிறது, நம் தொந்தியில் இருக்கும் அதே வகைக் கொழுப்பு. எதைத் தின்றது என்பதற்கு முன்பே எப்படி வாழ்கிறது என்பதைக் கொழுப்பின் வகை சொல்லிவிடுகிறது.

சரி, துப்பு படிப்பது எப்படி? '16:1 ஒமேகா-7' என்று எழுதியிருந்தால் 16 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு, அந்தப் பிணைப்பு வால் முனையிலிருந்து ஏழாவது இடத்தில். ஒமேகா கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து, நமக்கு னகரம் மாதிரி, அதனால்தான் கடைசியிலிருந்து எண்ணுகிறார்கள். இந்த 16:1 ஒமேகா-7-உம், இருபது கார்பன் ஈபிஏ-உம் (20:5 ஒமேகா-3) தூக்கலாக இருந்தால் டயாட்டம் மேய்ந்தது என்று பொருள். 18:4 ஒமேகா-3-உம் டிஹெச்ஏ-உம் (22:6 ஒமேகா-3) தூக்கலாக இருந்தால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற சாட்டையுயிர் பக்கம் சந்தேகம் போகும். 18:1 ஒமேகா-9 மற்றதைவிட ஏறியிருந்தால் ஊன் தின்னிக்கான அறிகுறி. 15, 17 என்று ஒற்றைப்படைக் கார்பன் என்றால் பாக்டீரியா. அந்தப் பதினேழுக்கு மார்கரிக் அமிலம் என்று பெயர், மார்கரிட்டஸ் என்றால் கிரேக்கத்தில் முத்து. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் முத்துப்போல் மின்னிய ஒரு கொழுப்புக்கு அந்தப் பெயரை வைத்தார், பின்னாளில் அவரிடம் இருந்தது கலவை என்று தெரிந்தது, பெயர் மட்டும் 17-க்கு நின்றுவிட்டது. ரொட்டியில் தடவும் மார்கரினும் அதே முத்துதான். முத்துக் குளித்த கரையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கலானஸ் வகைகள் சில நீள அமிலங்களையும் ஆல்கஹால்களையும் (20:1, 22:1) தாமே செய்துகொள்கின்றன. அவை இரையின் துப்பு இல்லை, அடுத்த படிக்கான துப்பு. கலானஸைத் தின்னும் தெமிஸ்டோ என்ற ஓட்டுடலியிடமும் ஹெர்ரிங் மீனிடமும் இவை தலைகாட்டினால் யாரை விழுங்கினார்கள் என்று தெரிகிறது.

பனிக்கட்டியின் அடியில் ஒட்டி வளரும் பாசிக்குத் தனித் துப்பு ஒன்று உண்டு, ஐபி25. இது கொழுப்பு அமிலம் இல்லை, 25 கார்பன் உள்ள கிளைத்த ஹைட்ரோகார்பன். 2007-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் சைமன் பெல்ட் குழு இதைக் கடற்பனிக்கான அடையாளமாக முன்வைத்தது. பனி குறைந்துவரும் ஆர்க்டிக்கில் யார் பனிப்பாசியை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று கேட்க இது உதவுகிறது. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்டில் இருக்கிறது, அதன் வாசலிலுள்ள கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியிலும் கலானஸ்தான்.

செய்முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். பிடித்ததை உடனே ஆழ்குளிரில் உறையவைத்து, குளோரோஃபார்ம் மெத்தனால் கலவையில் கொழுமியத்தைக் கரைத்தெடுத்து (1957-இன் ஃபோல்ச் முறை இன்றும் ஓடுகிறது), அமிலங்களை மெத்தில் எஸ்தராக மாற்றி, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறவரைவியில் விட்டால் தாளில் அமிலத்துக்கு ஒன்றாக வரிசையாக மேடுகள் விழும். இந்த முறை நம்பத்தக்கதா என்று தொட்டியில் வைத்தும் சோதித்திருக்கிறார்கள். ஆர்க்டிக் துடுப்புக்காலிகளுக்கு வாரக்கணக்கில் சாட்டையுயிர் மட்டும் போட்டபோது டயாட்டத் துப்பு குறைந்து 18:4 ஏறியது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்து ஆட்கள் 1994-இல் வெளியிட்டது.

இதை வைத்து நேராகத் தீர்ப்பு எழுதக் கூடாது. பட்டினி கிடந்தால் சேமிப்பு எரியும், சில அமிலம் சீக்கிரம் எரியும், சில நிற்கும். உடம்பே சிலதை நீட்டும், மாற்றும். 16:1 ஒமேகா-7-ஐ விலங்கும் செய்துகொள்ளும், டிஹெச்ஏ செல் சவ்வில் எப்படியும் இருக்கும். அதனால் ஒரே மேட்டைப் பார்க்காமல் விகிதங்களைப் பார்க்கிறார்கள், குடலையும் கார்பன் ஐசோடோப்பையும் கூட வைத்துக்கொள்கிறார்கள். 'சான்று' என்று நான் எழுதாததற்கும் இதுவே காரணம். துப்புக் கிடைத்த பிறகும் விசாரணை பாக்கி இருக்கும்.

எழுதும்போது நடுவில் 'த்' போடுங்கள், 'கொழுப்புத் துப்பு'. பன்மைக்குக் 'கொழுப்புத் துப்புகள்' போதும், 'துப்புக்கள்' வேண்டாம்.